மூன்று லோடர்களோடு வந்த சடகோபன்

மேடையில் வீற்றிருக்கும் கழகத் தலைவி கல்யாணி அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் இருக்கும் திருமதி விமலா சடகோபன் அவர்களே, லிட்கம் மண்டபத்துக்கு இந்த மழையிலும் வந்து நிற்கும் உறவுகளே, வணக்கம்.

நான் அருமைநாதன். நம் இலக்குச் சுடும் கழகத்தில் பதினான்கு வருடம் கருவிகளுக்குப் பொறுப்பாக இருப்பவன். பொறியியலாளர் சடகோபன் அவர்களைப் புகழ என்னை அழைத்திருக்கிறீர்கள். அவர்மேல் நான் பொறாமை கொண்டிருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அதை மறைத்துப் புகழ்ந்தால் அது அரைப் புகழ்ச்சி.

துப்பாக்கி பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் அழுத்தி மகசின் என்ற தோட்டாக் கூட்டுக்குள் ஏற்ற வேண்டும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும். கடைசி இரண்டை ஏற்றும்போது விரல் நோகும். மூட்டுவலிக்காரரான கல்யாணி அவர்கள் அதனாலேயே விளையாட்டை விடப் போவதாகச் சொன்னார். அந்த அழுத்தும் வேலையை எளிதாக்கும் கருவிதான் லோடர். கழகத்துக்கு ஒன்று வாங்கத் தீர்மானித்தோம். யாரைக் கேட்டிருக்க வேண்டும்? என்னை. யாரைக் கேட்டார்கள்? சேர்ந்து ஆறு மாதமே ஆன சடகோபனை.

நான் விடவில்லை. கைப்பிடி வைத்த, மிக வேகமான லோடர் ஒன்றைச் சிபாரிசு செய்து நீளமாகப் பேசினேன். சடகோபன் அதையும் வேறு இரண்டையும் மேசையில் வைத்து, கல்யாணியை அழைத்தார். என்னுடையது கல்யாணி அவர்களின் பிடியில் நிற்காமல் வழுக்கியது. உள்ளங்கையால் அழுத்தும் சிறிய ஒன்றில் பத்துத் தோட்டாக்களையும் அவர் ஏற்றிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தேநீர்கூடக் குடிக்காமல் வெளியேறினேன்.

ஒரு வருடம் அவரோடு நான் பேசவில்லை. கருவி தேர்ந்து கொடுக்கச் சனிக்கிழமைகளில் அவர் போட்ட மேசையைச் சுற்றி ஆட்கள் நின்றால் எனக்கு வயிறு எரிந்தது. என் மேசைக்கு யார் வந்தார்கள்? சடகோபன் எங்கே என்று கேட்க வந்தவர்கள்தான்.

பிறகு பக்கவாதம் வந்து என் வலது கை தளர்ந்தது. கழகத்திலிருந்து விலகக் கடிதம் எழுதினேன். அடுத்த ஞாயிறு அவர் டூங்கபியில் என் வீட்டு வாசலில் நின்றார். சாப்பாட்டு மேசையில் வெடிமருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களையும் மூன்று லோடர்களையும் பரப்பினார். எனக்குக் கோபம் வந்தது.

"எல்லாம் தெரியுமெண்டு காட்டவே வந்தனீர்?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்சிருந்தா ஒண்ணுதானே கொண்டு வந்திருப்பேன்?" என்றார்.

முதலாவதற்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. இரண்டாவது என் இடது கைக்கு இறுக்கமாக இருந்தது. மேசை விளிம்பில் பூட்டும் மூன்றாவதில்தான் தோட்டா உள்ளே போனது. அதற்குள் எத்தனை தடவை தவறவிட்டேன்! ஒவ்வொரு தடவையும் அந்த அறுபத்தெட்டு வயது மனிதர் முழந்தாளிட்டு மேசைக்கடியிலிருந்து பொறுக்கித் தந்தார். அப்போதும் பொறாமைதான் வந்தது. இந்தப் பொறுமை எனக்கு ஏன் வாய்க்கவில்லை?

கடிதத்தைத் திரும்பப் பெற்றேன். நன்றி மட்டும் சொல்லவில்லை. பிறகு ஆறுதலாகச் சொல்லலாம் என்றிருந்தேன். எட்டுக் கிழமையில், இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அவருடைய இதயம் நின்றுவிட்டது. விமலா அவர்களே, அவருக்குச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நன்றி.

இடமில்லாமல் சுவரோரம் நிற்கிறீர்களே, அதைப் பார்த்தும் பொறாமைப்படுகிறேன். எனக்கு இத்தனை பேர் வருவீர்களா?

சடகோபன் அவர்களின் மேசை வரும் சனிக்கிழமையும் போடப்படும். நான் அதில் இருப்பேன். வலியோடு வருபவரின் கையை முதலில் பார்ப்பேன், கருவியைப் பிறகே எடுப்பேன். இது என் உறுதி. ஆனால் பழக்கதோஷம் விடாது. 'இதுதான் நல்லது' என்று நான் பேசத் தொடங்கினால், யாராவது அவர் பெயரை ஒருமுறை சொல்லுங்கள். நான் நிறுத்திவிடுவேன்.