ஊருக்கு ஒரு இசைத்தட்டு

எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு குடைக் கடை உண்டு, டாக்டரம்மா, மழைதான் வருவதில்லை. பூட்டுக்கு ஒரு கடை, சாவிக்கு வேறொரு கடை. இரண்டு முதலாளிகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் இந்த ஊரில் எந்தப் பூட்டும் அதன் சாவியைப் பார்த்ததில்லை. இத்தனை வசதிகள் உள்ள ஊரில் இசைத்தட்டுக்கு மட்டும் கடை கிடையாது. ஒரு முறை கடிகாரக் கடையில் கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் உள்ளே போய் வெகுநேரம் உருட்டிவிட்டு, முள் கழன்ற ஒரு சுவர்க் கடிகாரத்தின் முகப்பைக் கொண்டுவந்து நீட்டினார். “இதுவும் வட்டமாத்தான் சார் இருக்கு” என்றார்.

நீங்கள் கேட்க வந்தது என் மச்சானின் காதைப் பற்றி. தெரியும். ஆனால் இங்கே தொடங்கினால்தான் அங்கே போய்ச் சேர முடியும். டீயைக் குடியுங்கள், ஆறிவிடும்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். சோபாவுக்கு உறை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் மனைவி தவறிய பிறகு எங்கள் வீட்டு மாடிக்கே குடிவந்துவிட்டார். எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம். ஒரே ஒரு லேபிளின், அதாவது ஒரு சின்ன இசைத்தட்டுக் கம்பெனியின், தட்டுகள். தொலைதூர நகரத்தில் ஒரு மனிதர் தன் கார் ஷெட்டில் உட்கார்ந்து அவற்றை வெளியிடுகிறார். கார் பாவம், வெளியே வெயிலில் வெந்துகொண்டிருக்கிறது. அவரைத் தட்டுக்காரர் என்று சொல்லிக்கொள்வோம். மேடைப் பாடகர்களை அவர் கிட்டே அண்ட விடமாட்டார். வேலை செய்துகொண்டே பாடுகிறவர்கள்தான் அவருக்கு வேண்டும். கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களின் சீழ்க்கை. தபால் பிரிக்கும் அறையில் முத்திரை குத்தும் தாளம். காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிப் பாசி சுரண்டுகிறவர் பாடிய தாலாட்டு. அந்தத் தாலாட்டைக் கேட்டுவிட்டு எழுந்தபோது எனக்குக் கதவு எது, அலமாரி எது என்று தெரியவில்லை. அலமாரிக்குள் போய்விட்டேன்.

தட்டுக்காரருக்கு ஒரு கொள்கை உண்டு. ஓர் ஊருக்கு ஒரு தட்டுதான் அனுப்புவார். அந்த ஊரில் முதலில் எழுதிக் கேட்டவர் பெயருக்குத்தான் வரும். மற்றவர்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே போய், கூட உட்கார்ந்து கேட்க வேண்டும். பாட்டு மனிதர்களைச் சேர்த்துவைக்க வேண்டுமாம். நல்ல மனசு. ஊருக்கு இரண்டாக அனுப்பியிருந்தால் நாம் இருவரும் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். குற்றம் யார் மேல் என்று நீங்கள் எழுதும்போது அவரையும் ஒரு ஓரமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த லேபிளைப் பற்றி மச்சானுக்குச் சொன்னதே நான்தான். அன்று மாலையே அவர் எழுதிப் போட்டுவிட்டார். நான் நல்ல பேனா தேடிக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு தட்டும் மாடிக்குத்தான் போயிற்று. நான் படியேறிப் போய், நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்க விட்டால்தானே. நல்ல இடம் வருவதற்குச் சற்று முன்பு, “மாப்ளே, இப்ப வரும் பாரு” என்பார். வந்த பிறகு, “வந்துச்சா?” என்பார். தட்டு உறைகளின் மேல் டீக் கோப்பையை வைப்பார். தட்டைத் துடைக்க அவர் எடுக்கும் துணியால் நான் என் செருப்பைக்கூடத் துடைக்க மாட்டேன். ஒரே ஒரு நாள் கீழே கொண்டுபோய்க் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று கெஞ்சினேன்.

“தட்டு இருக்கிற இடத்துக்குக் காதுதான் வரணும் மாப்ளே. காது இருக்கிற இடத்துக்குத் தட்டு வராது” என்றார். சொல்லிவிட்டு, மாடிப்படி அதிரச் சிரித்தார்.

தட்டுக்காரரின் விதிப்படி இரண்டு சந்தர்ப்பங்களில்தான் பெயர் மாறும். ஒன்று, அந்த ஆள் காலமாக வேண்டும். இல்லாவிட்டால் அவருக்குக் காது போக வேண்டும். முதல் வழியை நான் யோசித்ததே இல்லை. மச்சான் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். தவிர, எங்கள் மாடிப்படியும் அப்படியொன்றும் உயரமில்லை.

நான் ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் அறையில் வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓய்வு பெற்றபோது அங்கிருந்த பழைய இயந்திரத்தை எனக்கே கொடுத்துவிட்டார்கள். இதோ, உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் இருப்பதுதான். இந்த ஊரில் காது மந்தமான எல்லோரும் இந்த அறைக்கு வந்து போனவர்கள்தான். கருவி பொருத்தி அனுப்புவேன். ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போவார்கள். சிலர் கருவியை மாட்டிய கையோடு தங்கள் மருமகள் இத்தனை நாள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று கேட்டுவிட்டு, ஆசீர்வாதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் உண்டு.

ஒரு நாள் என் மனைவி சமையலறையிலிருந்து கூப்பிட்டது மச்சானுக்குக் கேட்கவில்லை. மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, யாருக்குமே கேட்டிருக்காது. ஆனால் அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். பயந்துவிட்டாள். “அண்ணன் காதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று என்னிடம்தான் சொன்னாள். மனைவி சொன்னதைத் தட்டிப் பழக்கமில்லை எனக்கு.

சோதனை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தேன். மெல்லிய ஒலி கேட்கும், கேட்டதும் அழுத்துங்கள் என்றேன். பள்ளிக்கூடப் பையன் மாதிரி முதுகை நிமிர்த்திக் கட்டை விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் ஒலியை அனுப்பவில்லை. அனுப்பாத ஒலி யாருக்கும் கேட்காது, இது விஞ்ஞானம்.

கொஞ்ச நேரம் கழித்து, “ஆரம்பிச்சுட்டியா மாப்ளே?” என்றார்.

“பாதி முடிஞ்சிருச்சு மச்சான்” என்றேன்.

அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு ஒரு நிமிஷத்தில் பத்து வயது கூடிப்போயிற்று. பார்க்கப் பாவமாக இருந்தது. அவரை நெடுநேரம் தவிக்க விடக் கூடாது என்று அடுத்த காதையும் மளமளவென்று முடித்துவிட்டேன்.

காது மந்தம் என்று சொன்ன பிறகு கருவி பொருத்தாமல் விடலாமா? தொழில் சுத்தம் என்று ஒன்று இருக்கிறதே. நான் சொன்ன அளவுக்குக் காது மங்கிய ஒருவருக்கு எவ்வளவு பலமாக வைக்க வேண்டுமோ, அவ்வளவு பலமாக வைத்தேன். மாட்டிய அன்று என் மனைவி ஒரு கரண்டியைக் கீழே போட்டாள். மச்சான் குதித்த குதியில் கூரையில் அவர் தலை அச்சு விழுந்திருக்கும்.

“உலகமே கத்துது மாப்ளே” என்றார், காதைப் பொத்திக்கொண்டு.

“எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. பழகிடும்.”

இது பொய் இல்லை. எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அவர் ரகசியமாகக் கழற்றி வைப்பார். என் மனைவி கண்டுபிடித்து, குழந்தைக்குத் தொப்பி மாட்டுவது போல் மறுபடியும் மாட்டிவிடுவாள். பட்டறைக்குப் போகும்போதுகூட வாசலில் நிறுத்திச் சரிபார்த்துத்தான் அனுப்புவாள். பட்டறையில் நாள் முழுக்க ஆணி அடிக்கிற வேலை. கருவியோடு அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் அவர் காதுக்குள் இருந்து கேட்டதில்லையே. பலமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் அவரே சிரித்த முகத்தோடு இறங்கி வந்தார். “நீ சொன்னது சரிதான் மாப்ளே. பழகிருச்சு. இப்ப ஒண்ணும் கத்தறதில்லை” என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மறுபடியும் இதே நாற்காலியில் உட்காரவைத்துச் சோதித்தேன். இந்த முறை நேர்மையாக ஒலியை அனுப்பினேன். அவர் பொத்தானை அழுத்தவில்லை. கூட்டினேன். அழுத்தவில்லை. முதல் சோதனைத் தாளில் நான் எந்த இடத்தில் கோடு போட்டிருந்தேனோ, அவர் காது அச்சு அசலாக அந்தக் கோட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. உங்களிடம் மறைப்பானேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தப்பான முடிவு சொன்னேன் என்று இனி யாரும் சொல்ல முடியாது. சரியான முடிவைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அப்போதாவது கருவியைக் கழற்றியிருக்கலாமே என்று உங்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. நிஜமாகவே காது கேட்காத மனிதருக்குக் கருவியைக் கழற்றுவதா? இன்னும் பலமாக வைத்தேன்.

இதற்கிடையில் ஒன்று சொல்ல வேண்டும். மச்சானின் மனைவி கையுறை தைக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். மிஷின்கள் ஒரே சீராக ஓட, பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாடுவார்களாம். ஒரு நாள் மாலை மனைவியை அழைத்துவரப் போன மச்சான், ஆலை வாசலில் நின்றபடி அதை டேப்பில் பிடித்திருக்கிறார். அந்த அம்மாவின் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஒரு டேப்பில்தான். அதைத்தான் தட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தார். தட்டாக வரும் என்று அவரும் சொல்லியிருந்தார். ஆனால் அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. மச்சான் தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றது அதற்காகத்தான். காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கியபோது அவர் கவலைப்பட்டதும் அதற்காக மட்டும்தான். “அது வர்ற வரைக்கும் தாங்குமா மாப்ளே?” என்று கேட்பார். தாங்கும் என்று தைரியம் சொல்வேன். மனம் தளர விடலாமா?

தாங்கவில்லை. ஒரு நாள் காலையில் எல்லாம் நின்றுபோயிற்று. என் மனைவி அவர் முன்னால் நின்று வாயை அசைத்து அசைத்து அழுதாள்.

மச்சான் பெரிய மனசுக்காரர். யாரும் சொல்லாமல், தானே தட்டுக்காரருக்கு எழுதினார். எனக்குக் காது போய்விட்டது, ஆனால் தட்டு இந்த வீட்டைவிட்டுப் போகக் கூடாது, என் மாப்பிள்ளை பெயருக்கு மாற்றுங்கள் என்று. அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. ஊர் முழுக்கத் தட்டுகளாகச் சுற்றியது. குடைக் கடைக்காரருக்குக்கூட வணக்கம் வைத்தேன்.

என் பெயருக்கு வந்த முதல் தட்டு அந்தக் கையுறை ஆலைத் தட்டுதான்.

இங்கே, இந்த அறையில்தான் போட்டேன். யாரும் நடுவில் பேசவில்லை. அப்படி ஒரு நிம்மதியோடு நான் ஒரு தட்டைக் கேட்டதே இல்லை. முதலில் மிஷின்கள். மிஷின்களின் மேல் ஏறிக்கொண்டு பெண்கள். அவர்களுக்கும் மேலே ஒரு குரல், தனியாக, கொஞ்சம் கரகரப்பாக. பாட்டின் நடுவில் அந்தக் குரல் சிரித்துவிடுகிறது. “வாசல்ல நிக்கிறாரு பாருங்கடி என் ஆளு” என்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். மறுபடியும் பாட்டு. என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

மச்சான் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “சிரிச்சாளா?” என்றார், குரலின் அளவு தெரியாமல், மிகச் சன்னமாக.

தலையாட்டினேன். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. சந்தோஷத்தில்தான்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம், நான்தான். நன்றாக இருந்த காதைக் கெட்டது என்று சொன்னவனும் நான். சொன்னபடி கெடுத்தவனும் நான். தெரிந்துதான் செய்தேன். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள். மச்சானிடம் மறைத்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். போன வாரம் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவர் ஓர் ஆட்சேபமும் சொல்லவில்லை.

நாங்கள் முன்பைவிட ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம். ஒவ்வொரு மாலையும் இறங்கி வருகிறார். அதே தட்டைப் போடச் சொல்லிக் கை காட்டுகிறார். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்கிறார். அப்படிக் கையை வைத்தால் ஓசை மங்குகிறது, டாக்டரம்மா. அந்த அம்மா சிரிக்கிற இடம் பாழாகிறது. நான் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொந்தம் என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.