குட்டைக்கு மேற்கே

எனக்குப் பருப்பு வேகவைக்கக்கூடச் சரியாக வராது, மேடம். கல்யாணமான புதிதில் நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு என் வீட்டுக்காரர், "வெந்நி நல்லாத்தான் இருக்குது, உப்புத்தான் கொஞ்சம் கம்மி" என்றார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மதிவதனி இல்லாத லோகப்பிரியா யார் என்பது உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும்.

துடியலூரில் எனக்கு மண்டப அலங்காரத் தொழில். பூ, திரை, விளக்கு, மணவறை. கைவேலையைவிட எனக்கு வாய்தான் நன்றாக வேலை செய்யும். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பார்கள்; நான் பிழைத்தது அப்படித்தான். மதிவதனிக்கு மதுக்கரையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். நாலைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பில்தான் சந்தித்தோம். என் பூ அலங்காரத்தை எல்லோரும் படம் எடுத்தார்கள். பருப்புப் பூரணம் வைத்து அவள் தட்டிப்போட்ட ஒப்புட்டைத் தின்றவர்கள் படம் எடுக்க மறந்துபோனார்கள்.

விசேஷம் முடிந்து வீட்டுக்காரர்கள் என்ன கொடுக்கட்டும் என்று கேட்டபோது, "நீங்களா பாத்துக் குடுங்க" என்று அவள் தரையைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே புகுந்து நியாயமான விலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். வெளியே வந்ததும் அவள் சிரித்தாள். "நீங்க பேசுங்கக்கா, நான் செய்யறனுங்க. ரெண்டு பேரும் சேந்துட்டா நம்மளுக்கு வராததுன்னு ஒண்ணும் இருக்காதுங்க" என்றாள். எங்கள் கூட்டு அவ்வளவு எளிதாகத்தான் தொடங்கியது. இரண்டு பெயரையும் ஒட்டி 'லோகமதி' என்று பெயர் வைத்தோம். கேட்டவர்கள் அது என் முழுப்பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

அவள் யார், என்ன ஆள் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். நான் அதையெல்லாம் பார்க்கிறவள் இல்லை. ஒரே இலையில் இரண்டு பேரும் சாப்பிட்டிருக்கிறோம். இதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டதைவிடச் சொன்னதுதான் அதிகம் என்பது இப்போது உறைக்கிறது.

தொழில் என்று வந்தால் கொஞ்சம் நெளிவு சுளிவு வேண்டும். எங்கள் பக்கத்துச் சீர், விசேஷங்களில் அடுப்படியில் யார் என்று கேட்பார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள், மரியாதை தெரிந்த ஊர். "அம்மணிக்கு எந்த ஊருங்க?" என்பார்கள். அடுத்து, "ஊருல எங்கீங்க?" தெரு தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் பிறந்த கருமத்தம்பட்டியில் அப்பா பெயரைச் சொன்னால் போதும். அதனால் அவள் பின்னால் இருக்கட்டும், நான் முன்னால் நிற்கிறேன் என்று ஏற்பாடு. பக்குவம் யாருடையது என்று கேட்டால், "எங்கம்மா பக்குவமுங்க" என்பேன். என் அம்மா ஒப்புட்டைக் கடையில் வாங்குகிறவள்.

பந்தி முடிந்ததும் சமைத்தவரை மேடைக்குக் கூப்பிட்டு, தட்டில் வெற்றிலை பாக்கும் சேலையும் வைத்துக் கொடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நான் போய் வாங்கிக்கொண்டு வந்து வேனில் அவளிடம் கொடுப்பேன். சேலையை அவள் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாள், மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஒருநாள் கேட்டாள்.

"அக்கா, ஒருவாட்டி நானே வந்து வாங்கிக்கட்டுங்களா?"

"கரி அப்புன மூஞ்சியோடவா கண்ணு?" என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். மறுபடி கேட்கவில்லை.

பிறகு பொங்கியண்ணன் வந்தார். அவினாசிப் பக்கம் பெரிய தோட்டக்காரர். ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு நேராக அடுப்படிக்கே போய்விட்டார். "எங்க பேத்திக்குக் காதுகுத்து வெச்சிருக்கறோம் அம்மணி. நீங்களே வந்து செஞ்சு குடுத்துருங்க" என்று அவளிடமே சொல்லிவிட்டார். அவள் என்னிடம் ஓடி வந்தாள். "உங்களக் கேக்காம சரின்னு சொல்லிப்போட்டனுங்கக்கா. தப்புங்களா?"

"இதுல என்ன கண்ணு தப்பு" என்றேன்.

தன் பெயர் மட்டும் போட்டு அவள் ஒரு கார்டு அடித்தாள். அதற்கு நிறம் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நான்தான். அந்தக் காதுகுத்தின் பூ வேலையை எனக்குத் தரச் சொல்லிப் பொங்கியண்ணனிடம் கேட்டது அவள். அவளுக்குக் கிடைத்த முதல் சொந்த வேலையில் எனக்கும் ஒரு பங்கு வைத்தாள். நான் வைத்தது வேறு. நான் இல்லாவிட்டாலும் அவள் ஒப்புட்டு ஒப்புட்டுதான். அவள் இல்லாவிட்டால் எனக்கு மிஞ்சுவது சாயங்காலம் வாடுகிற பூ. இது பொறாமை இல்லை, தொழில் யோசனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காதுகுத்தன்று காலை நான் பந்தலில் மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்தபோது பொங்கியண்ணன் மனைவி முத்தாத்தாள் என் பக்கத்தில் வந்து நின்றார். அதன் பிறகு நடந்ததை உங்கள் ஏட்டையாவிடம் போன வாரமே சொன்னேன். முத்தாத்தாள் அவள் ஊரைக் கேட்டார், சொன்னேன். ஊருக்குள் எங்கே என்று கேட்டார். பெரியவர்களிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "குட்டைக்கு மேக்கால தெருவுங்க" என்றேன். சாதிப் பெயரை நான் வாயிலேயே எடுக்கவில்லை. முத்தாத்தாள் பிறந்தது அதற்குப் பக்கத்து ஊர். அது எனக்கும் தெரியும்.

அவர் முகம் சுருங்கியது. திரும்பி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் பங்காளிகள் அடுப்படிக்குப் போனார்கள். அங்கேயும் யாரும் மரியாதை குறைத்துப் பேசவில்லை. "நீங்க கெளம்பிக்குங்க" என்றுதான் சொன்னார்கள். அப்புறம் அண்டாக்களைத் தூக்கிப்போய் வாழைத்தோட்டத்துக் குழியில் கொட்டினார்கள். பாயசம், பொரியல், அவள் விடியும் முன்பிருந்து தட்டிய ஒப்புட்டு எல்லாவற்றையும். தடுக்கப் போனவளை ஒருவர் தள்ளினார். சாம்பார் அண்டா சாய்ந்து அவள் வலது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. பொங்கியண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யாரோ என்னிடம், "உங்களுக்கும் தெரியாதுங்களா?" என்று கேட்டார்கள்.

"தெரியாதுங்க" என்றேன்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் என் காரில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் கையைப் பார்க்கவில்லை, "கொட்டிப்போட்டாங்களேக்கா" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். கட்டுப் போட்டு முடிந்ததும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "இனிமே நான் பின்னாடியே இருந்துக்கறனுங்கக்கா. நீங்களே முன்னால நில்லுங்க" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது மேடம், அப்போது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. நிம்மதி. அழுகை அதற்குப் பிறகு வந்தது, அவள் என் கண்ணைத் துடைத்துவிட்ட பிறகு.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யக்கூடாது என்பார்கள். நான் உண்டது அவள் கையால். அந்தக் கையைத்தான்.

அவள் கொடுத்த புகாரில் சாட்சி என்று என் ஒருத்தி பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள். "லோகாக்கா உள்ளத உள்ளபடி சொல்லுவாங்க" என்றாளாம். சற்று முன் அதை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். அப்போதுதான் நான் தண்ணீர் கேட்டேன். நீங்கள் கொடுத்தீர்கள். தம்ளர் இதோ அப்படியே இருக்கிறது.

அதனால் ஏட்டையாவிடம் நான் சொன்னதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். முத்தாத்தாள் ஊரைக் கேட்கவில்லை. தெருவையும் கேட்கவில்லை. அவர் கையில் வெற்றிலைத் தட்டு இருந்தது. அதில் பச்சைச் சேலை ஒன்று மடித்தபடி இருந்தது. "ஏங்கண்ணு, சமைக்கற புள்ள பேரென்ன?" என்று கேட்டார். "மேடைக்குக் கூப்படறப்ப பேரச் சொல்லிக் கூப்படோணுமல்ல?"

அவர் கேட்டது பெயரை மட்டும்தான். நான் தெருவைச் சொன்னேன்.