நாப்பத்தொண்ணாவது பொருள்

உக்காருங்க தங்கச்சி, எந்திரிக்காதீங்க. இப்ப உள்ள போனா வெளிய தள்ளிடுவாங்க. மன்றக் கூட்டம் நடக்கறப்போ பொதுமக்கள் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. இல்ல, உங்க கவுன்சிலர் அம்மா இன்னும் வரலை. மனு குடுத்ததுக்கான சீட்டைக் கொண்டு வான்னு போன்ல சொன்னாங்கன்னா வராம இருப்பாங்களா? இந்த வழியாத்தான் வரணும், கையில குடுத்துடுங்க. இன்னும் நேரம் கிடக்கு. உங்க தெருவைக் காலி பண்ற விஷயம் நாப்பத்தொண்ணாவது பொருள். ஒவ்வொண்ணா வாசிச்சு, பேசி, சண்டை போட்டு, அப்புறம்தான் அடுத்ததுக்குப் போவாங்க. இப்பதான் மூணாவதுல நிக்கறாங்க.

போனைத் தேடறீங்களா? அதைத்தான் கீழ வாசல்லயே வாங்கி வச்சுட்டாங்களே. போறப்போ தருவாங்க.

யார்கிட்ட போய் முட்டிக்கறதுன்னு கேக்கறீங்க பாருங்க, முப்பத்தஞ்சு வருஷமா இங்க இருக்கற எனக்கே அதைச் சொல்லி முடிக்க நேரம் ஆகும். ஊருக்கு நூறு வார்டு. வார்டுக்கு ஒரு கவுன்சிலர், நீங்க ஓட்டுப் போட்டு அனுப்பினவங்க. அவங்கல்லாம் சேர்ந்தா மன்றம். அதுக்குத் தலை மேயர். கழுத்துல பெரிய சங்கிலி போட்டுக்கிட்டு உசந்த நாற்காலியில உக்காந்திருப்பாரு. ஆனா பேனா அவரு கையில இல்ல, கமிஷனர் கையில. கமிஷனருக்கு யாரும் ஓட்டுப் போடலை, அவரை மேல இருந்து அனுப்பி வச்சாங்க. மன்றம் சரின்னு சொல்லணும், கமிஷனர் செய்யணும். இவரைக் கேட்டா அவர்கிட்ட போம்பாரு, அவரைக் கேட்டா இவர்கிட்ட போம்பாரு. நடுவுல மண்டலம், நிலைக்குழுன்னு ஏகப்பட்ட படி. ஒவ்வொரு படியிலயும் ஃபைல் கொஞ்ச நாள் படுத்துத் தூங்கும். உங்க தெரு ஃபைல் மட்டும் கண்ணே மூடலை, ஓட்டமா ஓடி வந்துடுச்சு. பஸ் நிறுத்தற எடம் வரப்போகுதுல்ல அங்க.

மறுபடியும் எந்திரிக்கறீங்க. வீட்டுக்காரர் கூட வரலையா? ஓ, தையல் மெஷினெல்லாம் கட்டி வைக்கறாரா. இப்பவே எதுக்குங்க கட்டணும்? சரி, அவரு பயம் அவருக்கு.

அந்த ஃபைல்ல ஒரே ஒரு வரி இருக்கு, ஆட்சேபணை எதுவும் வரப்பெறவில்லைன்னு. அந்த வரியை வச்சுத்தான் எல்லாப் படியும் தாண்டிச்சு. ஆமா, நீங்க குடுத்தீங்க, யாரு இல்லைன்னா? சீட்டுல சீல் இருக்கு, கெடுவோட கடைசி நாள் தேதி இருக்கு. அம்பத்தாறு வீட்டுக் கையெழுத்து. அந்தச் சீட்டை உங்க கவுன்சிலர் அம்மா எந்திரிச்சுக் காட்டினா மேயர் அந்தப் பொருளை நிறுத்தி வச்சுத்தான் ஆகணும். கையில சீட்டு இல்லாம எந்திரிச்சா, ஆட்சேபணை எங்க இருக்குன்னு கேட்டு உக்கார வச்சிடுவாங்க. ஒருதடவை நிறைவேறிட்டா ஆறு மாசத்துக்கு மன்றமே அதைத் திரும்பத் தொடக் கூடாது. ஆறு மாசத்துல அங்க ஒரு செவுரு நிக்காது. அதைக் கசக்காதீங்க தங்கச்சி, வேர்வையில மை அழிஞ்சிடப் போகுது.

எப்படித் தொலைஞ்சுதுன்னா, தொலையலை. தபால் பிரிவுல ஒரு பழக்கம் உண்டு. அஞ்சு மணி வரைக்கும் மனு வாங்கப்படும்னு பலகை தொங்கும். ஆனா நாலரைக்கே ரிஜிஸ்டர்ல கடைசி மனுவுக்குக் கீழ செவப்பு மையில ஒரு கோடு இழுத்து, இன்னிக்கு இத்தனைன்னு எழுதி மூடிடுவாங்க. அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்ல. அதுக்கப்புறம் யாராச்சும் வந்தா மனுவை வாங்கி, சீல் வச்சு, சீட்டு குடுத்து அனுப்பிடறது. மறுநாள் காலையில முதல் வரியில பதிஞ்சுக்கறது. வருஷக்கணக்கா இப்படித்தான், யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. நீங்க வந்தது நாலே முக்கால். மறுநாள் பதிஞ்சா கெடு தாண்டினதா ஆயிடும். கோட்டுக்கு மேல எழுத எடமில்ல. கோட்டை அழிச்சா ரிஜிஸ்டரைத் திருத்தின குத்தம். மனு அலமாரிக்குள்ள போயிடுச்சு. மேலதிகாரிகிட்ட நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நாள் போச்சு, அதுக்குள்ள ஃபைல்ல அந்த வரியை எழுதிட்டாங்க.

நீங்க வந்த நேரம் எனக்கு எப்படித் தெரியும்னா... இருங்க. கேக்குதா? மேசையைத் தட்டறாங்க. எல்லாரும் சேர்ந்து தட்டறாங்க.

முடிஞ்சுது. இனிமே எந்திரிக்கலாம் தங்கச்சி, நானே கதவைத் திறந்து விடறேன். ஒவ்வொண்ணா வாசிப்பாங்கன்னு சொன்னது பொய். அஞ்சுல இருந்து அறுபது வரைக்கும்னு மேயர் ஒரே மூச்சுல சொல்லுவாரு, யாரும் எந்திரிக்கலைன்னா தட்டிட்டுப் போயிட்டே இருப்பாங்க. பொதுமக்கள் உக்கார உள்ள பெஞ்சும் போட்டிருக்கு. உங்க கவுன்சிலர் அம்மா பத்து மணிக்கே வந்துட்டாங்க. மூணாவது வரிசை. திரும்பித் திரும்பிக் கதவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க, இந்தக் கண்ணாடி வழியா நான் பார்த்தேன்.

இல்ல, மேயர் சொல்லலை, கமிஷனரும் சொல்லலை, யாரும் சொல்லலை. கூட்ட நாள்ல எங்க பிரிவு ஆளுங்களைக் கதவுக்கு நிக்க வைப்பாங்க, அவ்வளவுதான். நீங்க அந்தச் சீட்டோட படியேறி வந்தப்பவே, அது உள்ள போனா என் வேலை போயிடும்னு தெரிஞ்சுது. ரிட்டயர் ஆக நாலு மாசம் இருக்கு. கம்பி ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்திருக்கறவன் முகம் வெளிய நிக்கறவங்களுக்குத் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். சீலுக்குக் கீழ சின்னதா ஒரு கையெழுத்து இருக்கும் பாருங்க. அது நான் போட்டது.