பீற்றர் அங்கிளின் நேரலை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வைக்கிற எந்தக் கருவியும் இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக உழைக்காது. உப்புக் காற்று முதலில் பிடிப்பது கேபிள் முனையில் இருக்கிற சின்னத் தகடுகளைத்தான். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இணைப்பு மட்டும் அறுந்து அறுந்து வரும். அதனால்தான் என் சேர்வர்களைக் கடலிலிருந்து தள்ளி, பாமன்கடையில் ஒரு அறையில் வைத்திருக்கிறேன்.

நீங்கள் அதைக் கேட்கவில்லை. பதிவில் இருக்கிற பதினொரு நொடி இடைவெளியைப் பற்றித்தான் கேட்டீர்கள். ஆனால் மிச்சம் விளங்காமல் அந்தப் பதினொரு நொடி விளங்காது. ஆறுதலாகச் சொல்கிறேன். மொழிபெயர்க்கிறவருக்குப் புரியாத சொல் ஏதும் வந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், திருப்பிச் சொல்ல எனக்குச் சலிப்பில்லை.

என் பெயர் சந்திரகுமார். வீடுகளுக்கும் சிறிய கடைகளுக்கும் கமரா பூட்டிக் கொடுத்து, அவற்றின் படங்களை என் சேர்வர் வழியாக உரியவர்களுக்கு அனுப்புவது என் தொழில். எல்லாம் லினக்ஸில் ஓடுகிறது. உங்கள் பொலிஸ் ஆட்கள் மூன்று நாள் முயன்றும் உள்ளே போக முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். அதை அவர்களுடைய குறையாகச் சொல்லவில்லை. கடவுச்சொல்லைக் கேட்கிற கதவே அதில் இல்லை. என்னிடமுள்ள திறவுகோல் கோப்பு இருந்தால்தான் திறக்கும். நேற்று நானே திறந்து கொடுத்தேன்.

பீற்றர் அங்கிள் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. மனைவி இல்லை. ஒரே மகள் லவினா மெல்பேர்னில் தாதியாக இருக்கிறாள். அவருக்கு இலேசான பக்கவாதம் வந்து இடது கால் இழுக்கத் தொடங்கியதும், லவினா என்னைப் பிடித்து அவருடைய ஹோலில் ஒரு கமரா பூட்டச் சொன்னாள். படி இறங்கக் கூடாது என்று அவருக்குக் கட்டளையும் போட்டாள்.

கமரா பிடிக்கிற படம் முதலில் அந்த வீட்டிலுள்ள சிறிய கணினிக்குப் போகும். அங்கிருந்து என் சேர்வருக்கு, என் சேர்வரிலிருந்து லவினாவின் தொலைபேசிக்கு. ஒவ்வொரு இடத்திலும் படம் கொஞ்சம் தங்கித்தான் போகும். எல்லாம் கூட்டினால் நான்கு நொடி. நேரலை என்று சொல்கிறோம், உண்மையில் அப்படி ஒன்று இல்லை. லவினா எப்போதும் பார்த்தது நான்கு நொடிக்கு முந்திய அப்பாவைத்தான். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிறகு நான் செய்ததெல்லாம் அந்த எண்ணிக்கையை மாற்றியது மட்டும்தான்.

போன வருடம் ஒரு நாள் இணைப்பு அறுந்தது. லவினா பத்தொன்பது தடவை அழைத்தாள்.

"அண்ணா, படம் நிண்டுட்டுது. அப்பா கையத் தூக்கினபடியே நிக்கிறார். அரை மணித்தியாலமா கை கீழ வரேல்ல."

"லைன்தான் போயிருக்கு தங்கச்சி. அங்கிள் சுகமா இருக்கார்."

"டியூட்டிய விட்டுட்டு டொய்லெட்ல நிண்டு அழுறன் அண்ணா. இன்னொரு தரம் இப்பிடி நிண்டா அப்பாவ நீர்கொழும்புல ஒரு முதியோர் ஹோம்ல விட்டுடுவன். சத்தியமா எனக்கு ஏலாது."

அங்கிளுக்கு அந்த ஹோம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் கறுக்கும். அதனால் ஒரு சிறிய புரோகிராம் எழுதினேன். முப்பது வரிக்கு மேல் வராது. இணைப்பு அறுந்தால் போன கிழமை அதே நாள், அதே நேரத்துப் படத்தை எடுத்து, மேல் மூலையில் இன்றைய திகதியையும் நேரத்தையும் எழுதி அனுப்பும். லவினா நிம்மதியாக வேலை செய்தாள். அங்கிள் வீட்டில் இருந்தார். யாருக்கும் நட்டமில்லை.

அவர் அதைக் கண்டுபிடித்த விதம் வேடிக்கையானது. ஒரு புதன்கிழமை என்னை வரச் சொல்லி, பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டுக் கேட்டார். தம்பி என்பதற்கு அவர் உங்கள் சிங்களத்தில் மல்லி என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"மல்லி, நேத்து பின்னேரம் நான் எங்க இருந்தேன்?"

"தெரியாது அங்கிள்."

"கொச்சிக்கடையில. அந்தோனியார் கோயிலுக்குப் போயிட்டு, ஹாபர் ஆட்களோட ஓமி சீட்டு அடிச்சிக்கிட்டு இருந்தேன். ராவைக்கு மகள் சொல்றா, அப்பா இண்டைக்கு நல்ல நித்திரைன்னு. ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நிக்க அந்தோனியாருக்குத்தான் ஏலும்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்ப எனக்கும் ஏலுது போல?"

"லைன் அறுந்தது அங்கிள். பழைய படத்தப் போட்டேன்."

அவர் இருமும் வரைக்கும் சிரித்தார். "அப்ப செவ்வாய்க்கிழமை எல்லாம் அறுத்து விடேன். சீட்டுல உனக்கும் ஒரு கை போடுறேன்."

அப்படித்தான் தொடங்கியது. செவ்வாய்தோறும் பன்னிரண்டு மணியிலிருந்து ஐந்து வரை லவினாவுக்குப் பழைய படம் போகும். உண்மையான படம் எனக்கு மட்டும் வரும். நான் அதைச் சும்மா ஏனோதானோ என்று செய்யவில்லை. திருத்தக் கொடுக்கிறேன் என்று லவினாவிடம் சொல்லிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். நாட்காட்டியைக் கமராவுக்குத் தெரியாத பக்கம் மாட்டினேன். ஜன்னல் வெளிச்சம் ஒத்துப்போக, மப்பான நாளுக்கு மப்பான நாளையே தேடி எடுத்தேன். இரண்டு படங்களை ஒட்டும்போது கண்ணில் முதலில் படுவது வெளிச்சம்தான், முகமில்லை. ஒரு வருடத்துக்குக் கிட்ட, லவினாவுக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லை.

ஓகஸ்ட் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் நேரத்தோடு திரும்பிவிட்டார். இரண்டு இருபதுக்குக் கதவைத் திறந்து உள்ளே வந்தார். சேர்ட்டும் காற்சட்டையும் போட்டிருந்தார். மேசையைப் பிடிக்கப் போன கை பிடிக்கவில்லை. விளிம்பில் தலை அடித்து விழுந்தார். தொலைபேசி கதிரைக்கு அடியில் போய்விட்டது. நான்கு நொடி கழித்துப் பாமன்கடையில் இருந்து நான் அதைப் பார்த்தேன்.

கீழ் மாடி ஜீவராணி அக்காவிடம் அவருடைய வீட்டுச் சாவி இருக்கிறது. ஜீவராணி அக்காவின் இலக்கம் என்னிடம் இருக்கிறது. இரண்டையும் நான் மறைக்கவில்லை.

ஆனால் என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லவினாவின் தொலைபேசியில் அப்போது அங்கிள் சாரமும் பனியனுமாகக் கதிரையில் நித்திரை கொண்டிருந்தார். ஜீவராணி அக்கா மேலே போனால் அடுத்த நிமிடம் லவினாவை அழைப்பார். லவினா படத்தைத் திறப்பாள். தரையில் காற்சட்டையோடு கிடக்கிற அப்பா, கதிரையில் சாரத்தோடு நித்திரை கொள்ளுகிற அப்பா. என்னிடம் முப்பத்தெட்டு வீடுகள் இருக்கின்றன. அந்த முப்பத்தெட்டு வீட்டாரும் வெளிநாட்டிலிருந்து என் படத்தை நம்பித்தான் இரவில் கண்ணை மூடுகிறார்கள்.

முதலில் இரண்டு படங்களையும் பிசிறில்லாமல் ஒட்ட வேண்டும், பிறகு அழைக்கலாம் என்று முடிவெடுத்தேன். பத்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்தேன்.

இரண்டு ஐம்பதுக்கு லவினா அழைத்தாள். அவளுக்கு இடைவேளை.

"அண்ணா, அப்பா நித்திரைதானே?"

"ஓம்."

"வாயத் திறந்துகொண்டு கிடக்கிறார். பாக்கச் சிரிப்பா இருக்கு. எழும்பினதும் மருந்து குடிக்கச் சொல்லி மெசேஜ் போடுறன். சும்மாதான் எடுத்தன்."

அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஜூலை மாதத்து நித்திரை.

வேலை நினைத்ததை விட நீண்டது. கதிரையில் இருப்பவரை எழுப்ப வேண்டும். அவர் எழுந்து அறைக்குள் போகிற படம் ஒன்றைப் பழைய பதிவுகளில் தேடினேன். வெளிச்சம் ஒத்ததாக ஒன்றுதான் கிடைத்தது, ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை. அதன் பின்னால் வெறும் ஹோல், உடுப்பு மாற்ற ஆகிற அளவு நேரம். அதன் பின்னால், வாசல் கதவு திறக்கிற இடத்தை வெட்டிவிட்டு, அவர் உண்மையில் விழுந்த படம். அது இரண்டு இருபதின் வெயில் என்பதால் கொஞ்சம் இருட்டாக்க வேண்டியிருந்தது. கடைசியில் அப்போதைய படத்துக்கு வர வேண்டும். அந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் எவ்வளவு செய்தும் சேரவில்லை. அதனால் இணைப்பு அறுந்தது போலப் பதினொரு நொடி நிறுத்தி வைத்தேன். சேர்வர் எழுதி வைக்கிற குறிப்புகளிலும் அதற்கேற்றபடி நேரங்களைத் திருத்தினேன். நீங்கள் கேட்ட இடைவெளி அதுதான்.

நான்கு முப்பத்தேழுக்கு லவினா தன் அப்பா விழுவதை நேரலையில் பார்த்தாள். அவள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தாள். ஒரு நிமிடத்துக்குள் ஜீவராணி அக்கா மேலே ஓடினார். அம்புலன்ஸும் சுணங்காமல் வந்தது. தன்னால் முடிந்ததைச் செய்தேன் என்ற ஆறுதல் இன்றைக்கு அவளுக்கு இருக்கிறது. உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன், அந்த ஆறுதலை அவளிடமிருந்து பறிக்காதீர்கள். தாமதம் நான்கு நொடிக்குப் பதிலாக இரண்டு மணித்தியாலம் பதினேழு நிமிடம். நடந்தது அவ்வளவுதான்.

மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில் உயிர் போயிருக்கிறது என்று டொக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார். மூன்று நாற்பத்திரண்டுக்குப் பிறகு கை அசையவில்லை. அதற்குள் யாராவது போயிருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் சரியாக இருக்கலாம். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அதற்குள் யாரையும் போகவிடாமல் வைத்திருந்தது நான்தான். அதை எழுதிக்கொள்ளலாம்.

உண்மையான பதிவை நான் அழிக்கவில்லை. தொழிலில் நான் எதையும் அழிப்பதில்லை. அந்தக் கோப்பை நீங்கள் திறக்கும்போது அதில் ஒலியும் இருக்கும், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். தன் குறட்டையை மகள் கேட்கக் கூடாது என்று அங்கிள் சொன்னதால் லவினாவுக்கு ஒலி போவதில்லை, எனக்கு மட்டும் வரும். அது அவருக்குத் தெரியும். அதனால் அவர் மகளைக் கூப்பிடவில்லை. கமராவை நேரே பார்த்து என்னைத்தான் கூப்பிட்டார். "சந்திரன்" என்றார், "மல்லி" என்றார். பிறகு, "படத்த விடு, நீ வா" என்றார்.

ஐந்து தடவை வரை எண்ணினேன். அதற்குப் பிறகு ஒலியைக் குறைத்துவிட்டேன். வேலை செய்யும்போது யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குப் பிழை வரும்.