கயிறு அவிழுமுன் சரிபார்த்த சீடி

குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகு புறப்படக் காத்திருந்தது.

"கொப்பிச் சீடி திறக்குது எண்டதை மட்டும் நம்பி நான் இனி நெடுந்தீவுக்கு வரமாட்டன்," என்றார் படகில் மடிக்கணினியோடு இருந்த பெண்.

பக்கத்தில் கணவர். "ஏனப்பா?"

"போனமுறைக் கொப்பியும் திறந்ததுதானே? பள்ளிக்கூடத்துக் கொம்பியூட்டரில புரோகிராமை ஏத்தேக்க பாதியில நிண்டிட்டுது. அங்க நெற்றில இறக்கவும் ஏலாது."

"சரி, சீடியில இருக்கிற எல்லாத்தையும் கணக்குப் பண்ணிக் கொம்பியூட்டர் தாற சரிபார்ப்பு இலக்கம், மூலச் சீடியின்ரது, என்ர போனில இருக்கு. நான் வாசிக்கிறன், கொப்பியின்ர இலக்கத்தை நீர் பாரும். ஒரு எழுத்து மாறினாலும் கொப்பி பிழை."

படகின் கயிற்றைப் பிடித்திருந்தவர் குனிந்தார். "தங்கச்சி, இறங்குறதெண்டால் இப்ப இறங்கோணும்."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

"ஏழு, எஃப், மூண்டு, பி."

"ஓம்."

"சைபர், சி, ஒன்பது, ஒன்பது."

"ஓம்... ஓம்."

வாசிப்பு நீண்டுகொண்டே போனது. எதிரே கதைத்துக்கொண்டிருந்த மீன்பெட்டிக்காரர் பேச்சை நிறுத்திக் காதுகொடுத்தார். பின்வரிசையிலிருந்து யாரோ "ஓம்" சொல்லத் தொடங்க, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"கடைசி. நாலு, டி."

அந்தப் பெண் திரையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நாலு, டி! அச்சொட்டா அதே!"

படகே கைதட்டியது. கயிற்றுக்காரர் இயந்திரப் பக்கம் திரும்பிக் கத்தினார்:

"படகை எடடா, எல்லாம் சரியாம்!"