மச்சினன் மீசைத் தைலம்

இல்ல சார், நீங்களே சொல்லுங்க… எனக்க தைலத்த நான் விக்கப் போனா, என்னையே 'கள்ளன், போலி'ன்னு வெரட்டுகானுவ! வித்துரா சந்தையில, முந்தாநாளு. சட்டையில பட்டன் ஒண்ணு மிச்சமில்ல. அதே வித்துராவுக்குத்தான் இன்னைக்கு மறுபடி போறேன், வோட்டர் கார்டோட. யோசுவா தைலத்துக்க யோசுவா நானாக்கும்னு காட்டாம விடமாட்டேன். அந்தக் கார்டுல இருக்க மொகம் எனக்கே அடையாளம் தெரியல்ல, அது கெடக்கட்டும். பஸ்சு எடுக்க நேரமிருக்கு, நல்லா சாஞ்சு இரிங்க. முட்டுவலி உண்டா சார்? இல்லியா? வரும், வரும்.

எங்கப்பா காலத்துல வெளம்பரம்னா என்ன? சந்தையில ஒரு கீரியக் கெட்டிப் போட்டு, 'பாம்பு இப்ப வரும், இப்ப வரும்'னு சொல்லியே அம்புட்டு குப்பியும் வித்துருவாரு. பாம்ப ஒருத்தனும் கண்டதில்ல. பொறவு நான் தியேட்டர்ல சிலைடு போட்டேன். எப்பக் காட்டுவான்? இன்டர்வெல்லுக்கு ஆளெல்லாம் எந்திரிச்சு வெளிய போனப்பொறவு! மதில்ல எழுதினேன். ஒரே வாரத்துல எனக்க பேருக்கு மேல கட்சிக்காரன் சின்னம் வரைஞ்சுட்டான். அவங்கிட்டப் போயிச் சண்ட போட முடியுமா?

கேபிள் டிவி வந்தப்பொறவு, குப்பிக்கு லேபிள் அடிக்குற பிரஸ்காரன் ஸ்ரீகண்டன் சொல்லுகான், "சேட்டா, பேரு மட்டும் போராது, குப்பியில ஒரு மொகம் வேணும்"னு. சரி, எனக்க மொகத்தப் போடலாம்னேன். எனக்க வீட்டுக்காரி ரத்னாபாய், "ஒம்ம மொகத்தப் பாத்தா இல்லாத வலியும் வருமே"ங்கா. அவளுக்க தம்பி ஞானசிகாமணி, இந்தத் தம்பானூர் ஸ்டாண்டுப் பக்கத்துலதான் ஒரு லாட்ஜ் வாசல்ல செக்யூரிட்டி. மீசைன்னா மீசை… அவன் நிக்கதப் பாத்து ரூம் கேக்கவே ஆளு பயப்படும். அந்த மொகத்த ஒட்டினேன். வித்துது சார், அப்பிடி வித்துது!

அதோட சும்மா இருந்திருக்கலாம். பெரிய கம்பெனிக்காரனெல்லாம் 'போலிகளைக் கண்டு ஏமாறாதீர்'னு போடுகான், பாத்திருப்பிய. நமக்கு ஒரு போலிகூட இல்லியேன்னு ஒரு வெக்கம்… சிரிக்காதிய சார். உள்ளதச் சொல்லுகேன், எனக்க தைலத்தப் பாத்து ஒருத்தனும் போலி காய்ச்சினதில்ல. அந்தப் போலிய நானே உண்டாக்கினேன். ஜீப்புல மைக்கு கெட்டி, ஊரு ஊரா நோட்டீஸ் எறிஞ்சு, 'இந்த முகத்தைப் பார்த்து வாங்குங்கள், மற்றதெல்லாம் போலி'ன்னு ஒரே கூப்பாடு. ரெண்டு மடங்கு வித்துப் போச்சு!

பொறவு என்ன? கிறிஸ்மஸுக்கு ஒரு கேக்கு வாங்கிக் குடுக்கல்லன்னு மச்சினன் தெத்திப் பிரிஞ்சுட்டான். வெறும் தேங்காயெண்ணெயில பச்சைக் கலரக் கலக்கி, வித்துராவுல போயி நிக்கான். வாயத் தெறக்காண்டாம் சார், மீசையத் தடவினாப் போரும். "யோசுவா வந்தாச்சு"ன்னு ஜனம் ஓடுது. முந்தாநாளு நான் போறேன், உள்ள யோசுவா, அசல் யோசுவா, எங்கப்பா பாகத்துல காய்ச்சின எண்ணெயோட. ஒருத்தன் குப்பியப் பாக்கான், என்னப் பாக்கான், மறுபடி குப்பியப் பாக்கான்… ஐயோ, அந்தக் கூச்சல்! அடி வாங்கினது கூடப் போகட்டும் சார். எனக்க பேரு எனக்கு இல்லன்னு ஆயிப்போச்சே, அதத்தான் தாங்க முடியல்ல. ரத்னாபாய் என்ன சொல்லுகா தெரியுமா? "அவனுக்க மொகம், அவன் விக்கான்." ஒறக்கமே இல்ல சார்.

அது என்ன, பையில இருந்து எடுக்கிய… எனக்க நோட்டீஸா! பத்திரமா மடிச்சு வச்சிருக்கியளே, நல்ல மனுசன். கீழ வரைக்கும் வாசிக்காண்டாம் சார்… சார்? எதுக்குக் கண்டக்டரக் கூப்பிடுதிய? ஐயோ, கைய விடும்! போலியப் பிடிச்சுக் குடுத்தா அரை டஜன் குப்பி இனாம்னு போட்டிருக்கது உள்ளதுதான். ஆனா அந்த இனாமக் குடுக்க வேண்டியவன் நானாக்கும்! இந்தா, இப்பவே எடுத்துக்கிடும், ஒரு டஜனே எடும்…

என்னது? எங்கிட்ட வேண்டாமா? மீசை வச்ச உள்ள யோசுவாகிட்ட போயி வாங்கிக்கிடுவியளா!