நான்கு புது ஃபில்டர்கள்

இந்த விசாரணை அறையின் ஏ.சி. ஃபில்டரைக் கழுவி ஆறு மாதமாவது இருக்கும், மேடம். சத்தத்திலேயே தெரிகிறது. பத்து நிமிட வேலைதான், ஆனால் யாருக்கும் தோன்றாது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஆக்சிஜன் மிஷின் வாடகைக்கு விடும் கம்பெனியில் பதினெட்டு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். என் வீட்டிலும் ஒரு மிஷின் ஓடுகிறது, அக்காவுக்கு. ஏழு வருடமாகிறது. அவளை விட்டால் எனக்கு யாருமில்லை, அவளுக்கும் அப்படித்தான். “ஊர் மூச்சையெல்லாம் ரிப்பேர் பண்றவனுக்கு அக்காகூட உட்கார நேரமில்ல,” என்று கேலி செய்வாள்.

டார்க் வெப், இன்டர்நெட்டின் இருட்டுச் சந்து என்கிறீர்களே, அங்கே நான் போனது ஒரு பாஸ்வேர்டுக்காக. வெளி மெக்கானிக் கை வைக்கக் கூடாதென்று, மிஷினைத் தயாரிப்பவர்கள் அதைப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள். திறக்கும் எண் அங்கே கிடைக்கும். துழாவிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் கண்ணில் பட்டது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் பெயர் சொல்லாமல் எழுதும் இடம். சொந்தக்காரர்களிடம் சொன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்பார்களே, அதையெல்லாம் அங்கே கொட்டியிருந்தார்கள். “இன்னைக்கே முடிஞ்சுட்டா நல்லது” என்று ஒருவர். கீழே முப்பது பேர் “எனக்கும்” என்று. படித்துவிட்டு அழுதேன். எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஒரு மருமகள் எழுதியிருந்தாள். மாமனாரின் மிஷின் மூன்று தடவை கூவிவிட்டு நின்றுவிடுகிறதாம். குழாய் நழுவாமலிருக்கத் துணி கிளிப் போட்டிருக்கிறாளாம். தூங்கி நாளாகிறது, யாராவது வந்து இதை முடித்து வையுங்கள் என்று எழுதியிருந்தாள். அந்தக் கிளிப்பை அதற்கு முந்தின வாரம்தான் சர்வீஸுக்குப் போன ஒரு வீட்டில் பார்த்திருந்தேன். மஞ்சள் கிளிப்.

பட்டப்பகலில்தான் போனேன். “நானே கூப்பிடணும்னு இருந்தேன், வாங்க,” என்றாள். “நான் பார்த்துக்கறேன், நீங்க கொஞ்ச நேரம் படுங்கம்மா,” என்றேன். பக்கத்து அறையில் தலையைச் சாய்த்ததும் தூங்கிவிட்டாள். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். மெக்கானிக்கைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. மிஷினை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். முடிந்த பிறகு பழையபடி ஓடவிட்டு, ஃபில்டரை மாற்றினேன். அடுத்து யார் வீட்டுக்கோ போகப்போகிற மிஷின், பழசோடு விட்டுவர மனசு வரவில்லை.

பிறகு ஒரு வாத்தியார். ஒரு தையல்காரரின் மனைவி. கடைசியாக அந்த இருபத்தாறு வயதுப் பெண். அவளுடைய அம்மா எழுதியிருந்தார். அந்தப் பெண் மட்டும் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். கடைசி நேரத்தில் யாரையும் தனியாக விடக் கூடாது என்று நான் விடவில்லை.

நீங்கள் கெட்டிக்காரர், மேடம். “நாலு மிஷின்லயும் மேல தூசி, உள்ள புது ஃபில்டர். ஆனா ரிஜிஸ்டர்ல சர்வீஸே போடல,” என்றீர்களே, அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. பதினெட்டு வருடத்தில் என் வேலையை உற்றுப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான்.

அந்த மருமகள் பிறகு எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். “களைச்சுப்போய் எழுதினேன், மனசாரச் சொல்லல. நான் எழுதினதாலதான் போயிட்டார்” என்று தினமும் எழுதுகிறாளாம். எனக்குத் தெரியாது. வேலை முடிந்த வீட்டுக்காரர்கள் எழுதுவதை நான் திறப்பதில்லை. நன்றி சொல்லியிருப்பார்களோ என்று கூச்சம்.

ஆமாம், நானும் அங்கே எழுதினேன். அவர்களுக்கெல்லாம் முன்பே, அந்தப் பக்கத்தைப் பார்த்த புதிதில். “அக்காவுக்கு ஏழு வருஷமா மிஷின். என்னால முடியல. யாராவது வாங்க.” வீட்டு விலாசமும் போட்டேன். மூன்று மாதம் கதவைப் பூட்டாமல் வேலைக்குப் போனேன். சாயங்காலம் திரும்பும்போது தெருமுனையில் கால் தயங்கும். உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

“கதவைப் பூட்ட மறந்துட்டியேடா,” என்பாள்.

“மறந்துட்டேன்க்கா.”

“சரி, முதல்ல சாப்பிடு.”

யாரும் வரவில்லை. எழுதுபவர்கள் எழுதிக்கொண்டேதான் இருப்பார்கள், ஒருவரும் கிளம்ப மாட்டார்கள் என்று புரிந்தது. அதனால்தான் நான் கிளம்பினேன்.

வியாழக்கிழமை அக்காவின் ஃபில்டரை மாற்ற வேண்டும், மேடம். அலமாரியின் மேல்தட்டில் புதிது இருக்கிறது. யாரையாவது அனுப்புங்கள், கொஞ்சம் நல்ல ஆளாக.

நான்கு வீட்டுக்குப் போனவன் என் வீட்டில் மட்டும் ஏன் அதைச் செய்யவில்லை என்று கேட்கிறீர்கள். கேட்கிற கேள்வியா இது. கூடப் பிறந்தவள். அவள்மேல் எப்படிக் கை வைப்பேன். நான் என்ன கொலைகாரனா.